மணல், சிலேட்டு, பிள்ளைகளின் பேச்சு

1902 வாக்கில் திருவண்ணாமலை விருபாட்ச குகைக்கு வந்த சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு, மௌனத்திலிருந்த பகவான் ரமணர் மணலிலும் சிலேட்டிலும் எழுதியே விடை தந்தார். 'நான் யார்?' நூலுக்கு அதுவே மூலம். மணலில் எழுதுவது அன்றைய திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைவந்த பழக்கம். எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் வரைவார்கள்; பிழைத்தால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதுவார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். இவ்விரண்டையும் நம்மிடம் கண்ட பாதிரியார் ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூர் அநாதை விடுதிப் பள்ளியில் கையாண்டு, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். நமக்கோ சட்டாம்பிள்ளையின் பிரம்புதான் நினைவில் நின்றது.

இன்று அதே திருவண்ணாமலையின் செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் பல மொழிகள் காதில் விழும். வெளிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளையும் கிராமத்துப் பிள்ளையும் சேர்ந்து படிக்கும் மருதம் பண்ணைப் பள்ளி பக்கத்துக் கணத்தம்பூண்டியில் 2009 முதல் நடக்கிறது. பன்மொழிச் சூழல் என்றதும் பிரெஞ்சும் தெலுங்கும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டில் ஒரு தமிழும் புத்தகத்தில் வேறொரு தமிழுமாகத் தடுமாறும் இருளர் குடியிருப்புப் பிள்ளையை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. "மாட்டு வவுத்துல கன்னு கீது" என்று ஒரு பிள்ளை எழுதினால் சிவப்பு மை பாய்கிறது. அதிலுள்ள செய்தி கட்டுரை நோட்டில் வழக்கமாக வரும் 'பசு ஒரு வீட்டு விலங்கு' என்பதைவிட எவ்வளவோ மேல். பிள்ளை எழுதியதை அப்படியே விட்டு, 'மாட்டின் வயிற்றில் கன்று இருக்கிறது' என்று பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். பிள்ளைக்கு இரண்டு தமிழும் வசப்படும்.

2022-இல் அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், கற்றல் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. வாசிப்புக்கு இந்தப் பிரிவு நல்லது. கொரோனாவால் விழுந்த இடைவெளியை அடைக்க வேறு வழியும் இல்லை. ஆனால் சொந்தமாக எழுதும் நேரத்தில் பிரித்து உட்கார வைப்பது நஷ்டம் என்பேன். கதை சொல்லும் வாய் பெரும்பாலும் அரும்பில்தான் இருக்கிறது. எழுதும் கை மலரில். இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்து, ஒருவர் சொல்ல மற்றவர் எழுதட்டும். எழுதியதைச் சொன்ன பிள்ளையே விரல் வைத்து வாசிக்கட்டும். தான் சொன்ன சொல்தானே, எழுத்துக் கூட்டச் சிரமம் குறையும். பிரம்பைக் கழித்துவிட்டால் சட்டாம்பிள்ளை முறையும் இதுதான்.

கேட்க ஒருவர் இருந்தால்தான் எழுத்து வரும் என்பதற்கும் இந்தத் திருவண்ணாமலையிலேயே சான்று உண்டு. தமிழாசிரியராக இருந்த முருகனார் வேண்டியதால்தான் 1927-இல் பகவானின் 'உபதேச உந்தியார்' பிறந்தது. தெலுங்கு, சமஸ்கிருதம், மலையாளத்திலும் அதைப் பகவானே ஆக்கினார். தெலுங்கும் மலையாளமும் மலைக்கு வந்த பிறகு அன்பர்களோடு பழகிக் கற்றவை. நம் வகுப்புகளிலோ அப்படிக் கேட்பார் இல்லை; பிள்ளை எழுதியதை மதிப்பெண் போடும் ஆசிரியரைத் தவிர யாரும் படிப்பதில்லை. வாரம் ஒரு நாள், எழுதியதைப் பக்கத்து வகுப்பில் போய் வாசிக்கச் சொல்லலாம். அதற்குத் தனி அரசாணை வேண்டியதில்லை.