மணிக்கட்டு முறிவுக்குப் பின் கைப்பயிற்சி

முறிந்த மணிக்கட்டின் அசைவையும் பிடிவலுவையும் மீட்கும் பயிற்சி. கையூன்றி விழுந்தால் உடையும் ஆரை எலும்பு முனையின் முறிவை டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் விவரித்தார். மாவுக்கட்டு பெரும்பாலும் 6 வாரம் வரை இருக்கும். விரல், முழங்கை, தோள் அசைவை அப்போதே தொடங்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கட்டுப் பிரித்ததும் முன்கையை மேசைமேல் கிடத்தி, கையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, மணிக்கட்டை மெல்ல ஏற்றி இறக்குவர். பிறகு உள்ளங்கையை மலர்த்திக் கவிழ்ப்பர். எலும்பு கூடியதை மருத்துவர் உறுதிசெய்த பின்பே பந்து பிசைதலும் துணி பிழிதலும்.

மலேசியாவின் கோலசிலாங்கூர் செம்பனைத் தோட்டங்களில் நீண்ட கழியில் அரிவாள் கட்டிக் குலை அறுப்பவருக்கு இவை மட்டும் போதா. அந்தப் பிடி திரும்பப் பல மாதமாகும். வேலையில் நேர்ந்த விபத்தென்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் மறுவாழ்வுச் சிகிச்சையைக் கேட்கலாம். எரிச்சலோடு கூடிய ஓயாத வலி, வீக்கம், தோல் நிறமாற்றம் தெரிந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.