கழுத்தில் ஒரு கத்தி

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தினமும் காலையில் நீங்களாகவே ஒரு கத்தியை எடுத்து உங்கள் கழுத்தில் வைத்துக்கொள்கிறீர்கள். தூக்கம் இன்னும் முழுசாகக் கலையவில்லை. வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. காபி ஆறிப்போகிறது என்று சமையலறையிலிருந்து குரல் வருகிறது. நீங்களோ கொஞ்சமும் பயமில்லாமல் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். (பெண்கள் மன்னிக்கவும். வீட்டு ஆண்களை நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.)

இந்தத் தைரியம் நமக்கு வந்து நூற்றுச் சொச்சம் வருடங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன்னால் சவரக்கத்தி என்றால் நிஜமாகவே கத்தி. பிடிக்குள் மடங்கும் நீளமான எஃகுக் கத்தி. தினமும் தோல்பட்டையில் தீட்ட வேண்டும். அவ்வப்போது சாணை பிடிக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினால் போச்சு! அதனால் பலர் அந்த வம்பே வேண்டாமென்று சலூன்காரரிடம் கழுத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

கத்தியின் கூர்மை வேண்டும், ஆனால் அதன் கோபம் வேண்டாம். இதற்கு என்ன வழி?

முதலில் யோசித்தவர்களில் ஒருவர் 18-ம் நூற்றாண்டில் பிரான்ஸில் கத்தி செய்துகொண்டிருந்த ழான் ழாக் பெரே. தச்சர்கள் வைத்திருக்கும் இழைப்புளியைப் பாருங்கள். உளி முழுக்க உள்ளே இருக்கும். முனை மட்டும் துளியூண்டு வெளியே எட்டிப் பார்க்கும். மரத்தை ஆழமாகக் கிழிக்காது, மேலாகச் சீவும். இதே வித்தையைக் கன்னத்துக்கும் செய்தால் என்ன? சவரக்கத்தியைச் சுற்றி ஒரு மரச்சட்டத்தை மாட்டினார் பெரே. தனக்குத் தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று 1769-ல் ஒரு புத்தகமும் போட்டார்.

அடுத்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்சன். ரைட் சகோதரர்கள் பிறப்பதற்கு முன்பே, நீராவியில் பறக்கும் விமானத்துக்குத் திட்டம் போட்ட ஆசாமி. அது பறக்கவில்லை. ஆனால் 1847-ல் அவர் காப்புரிமை வாங்கிய ரேசரின் வடிவம் பிழைத்துக்கொண்டது. மண்வெட்டி மாதிரி, பிடிக்குக் குறுக்கே கத்தி! நம் வீட்டு ரேசர் எல்லாமே இன்றுவரை அந்த ஜாடைதான். 1880-ல் நியூயார்க்கின் காம்ப்ஃபே சகோதரர்கள் அதற்கு ஒரு கம்பிக் காப்பு வைத்துக் காப்புரிமை வாங்கினார்கள். ‘சேஃப்டி ரேசர்’ என்ற பெயர் அவர்களால்தான் பிரபலமானது.

வெட்டு விழுவது குறைந்தது. ஆனால் உள்ளே இருந்தது தடித்த கத்தி. அதைத் தீட்டும் தலைவலி மட்டும் அப்படியே இருந்தது.

அந்தத் தலைவலியைப் போக்கியவர் ஒரு சேல்ஸ்மேன். கிங் கேம்ப் ஜில்லெட். கிங் என்பது பட்டமல்ல, பெயரே அதுதான். சோடா பாட்டில் மூடி விற்கும் கம்பெனியில் ஊர் ஊராக அலையும் வேலை. அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர்தான் அவருக்கு அந்தப் புகழ்பெற்ற யோசனையைச் சொன்னார். ‘ஒரு தடவை உபயோகித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற மாதிரி ஏதாவது கண்டுபிடி. வாங்கியவன் திரும்பத் திரும்ப வருவான்.’

1895. பாஸ்டனை ஒட்டிய புரூக்ளைன். காலையில் சவரம் செய்ய நின்ற ஜில்லெட்டின் கத்தி மழுங்கிக் கிடந்தது. தோல்பட்டையில் தீட்டிப் பிரயோசனமில்லை, சாணைக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்த எரிச்சலில் ஒரு மின்னல். வெட்டுவது ஓரம் மட்டும்தானே, பின்னால் இத்தனை இரும்பு எதற்கு? காகிதம் போல மெல்லிய தகடு. இரண்டு பக்கமும் கூர். மழுங்கினால் குப்பையில் போடு!

ஊருக்குப் போயிருந்த மனைவிக்கு, நாம் பணக்காரர்களாகிவிட்டோம் என்று உடனே கடிதம் போட்டுவிட்டார். ஆகவில்லை. அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டில் கூர் நிற்காது என்று விஷயம் தெரிந்தவர்கள் கையை விரித்தார்கள். கடைசியில், எம்.ஐ.டி.யில் படித்த வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் தகட்டைப் பதப்படுத்தித் தீட்டும் இயந்திரங்களைச் செய்துகொடுத்தார். 1901-ல் கம்பெனி பிறந்தது. விற்பனை தொடங்கிய 1903-ல் போணியான ரேசர்கள் எத்தனை தெரியுமா? 51. பிளேடுகள் 168.

அடுத்த வருடமே 90,000 ரேசர்களுக்கு மேல்!

இங்கே ஒரு விஷயம். நான் பி.காம். படித்தபோது எங்கள் பேராசிரியர் ஜில்லெட்டை உதாரணம் காட்டாத வாரம் கிடையாது. ‘ரேசரைச் சும்மா கொடு, பிளேடில் சம்பாதி.’ நானும் அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பிற்பாடு கணக்கைப் பார்த்தால் கதை வேறு. ஜில்லெட் ரேசரின் விலை 5 டாலர். அன்றைய அமெரிக்கத் தொழிலாளிக்கு ஏறக்குறைய அரை வாரச் சம்பளம். 1904-ல் கிடைத்த காப்புரிமை 1921-ல் முடிகிறவரை அவர் விலையைப் பெரிதாக இறக்கவே இல்லை. அது முடிந்த பிறகுதான் பழைய மாடலை 1 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். சும்மா கொடுத்த கதையெல்லாம் பிற்பாடு. தீட்ட வேண்டாம், சாணை பிடிக்க வேண்டாம் என்பதற்காகவே மக்கள் அரை வாரச் சம்பளத்தை எடுத்து நீட்டினார்கள்.

அப்புறம் முதல் உலகப் போர். விஷவாயு முகமூடி தோலோடு ஒட்ட வேண்டுமென்றால் தாடி இருக்கக் கூடாது. அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர்களும், மூன்று கோடிக்கும் மேற்பட்ட பிளேடுகளும் ஜில்லெட்டிடம் வாங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

சரி, அந்த மெல்லிய தகடு ஏன் நம் கழுத்தை அறுப்பதில்லை? ரேசர் தலையைப் பிரித்துப் பாருங்கள். மேலே வளைந்த மூடி. கீழே காப்பு. நடுவில் சாண்ட்விச் போல பிளேடு. மூடியை இறுக்கினால் பிளேடு வில்லாக வளைந்து விறைத்துக்கொள்ளும். அதன் ஓரம் காப்பைத் தாண்டி எவ்வளவு தலை நீட்டுகிறது? காப்புக்கும் ஓரத்துக்கும் நடுவே எவ்வளவு சந்து? அந்த மயிரிழைக் கணக்கில்தான் ரேசரின் குணம் இருக்கிறது. குறைவாக நீட்டினால் சாது. அதிகம் நீட்டினால் முரடு.

ஆரம்ப கால ஜில்லெட்டில் காப்பு என்பது சீப்பு மாதிரி பற்கள். 1930-களின் கடைசியில் வந்த ‘டெக்’ மாடலில் பற்களுக்குப் பதில் ஒரே நீளமான பட்டை. அது கத்திக்கு முன்னால் தோலை இழுத்துச் சமப்படுத்தும். சாது ரேசருக்கு இன்றும் சொல்லப்படும் உதாரணம் அதுதான். 1958-ல் வந்த மாடல் இன்னும் ஒரு படி மேலே. கழுத்தில் ஒரு திருகு, 1 முதல் 9 வரை எண்கள். 1-ல் வைத்தால் பசு. 9-ல் வைத்தால் புலி!

நீங்கள் வாங்கப் போகிறீர்களா? தோல் மென்மையா, தினமும் சவரம் செய்கிறவரா, இந்த வகைக்குப் புதியவரா? பட்டைக் காப்பு, குறுகிய சந்து உள்ள சாது ரேசரே போதும். வாரத்துக்கு ஒருமுறை கம்பி போன்ற தாடியை வெட்டுகிறவர் என்றால் சாது ரேசர் திணறும். அவருக்குக் கொஞ்சம் முரடு தேவை. கூடவே, நல்ல கனமான ரேசராகப் பாருங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சாதுவான ரேசரில் மழமழவென்று வருமா? வரும். ஒரே இழுப்பில் வராது. வெந்நீரில் தாடியை நன்றாக ஊறவிட்டு, முதலில் முடி வளரும் திசையில் ஒரு சுற்று. மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அவசரப்படுகிறவர்கள் செய்யும் தப்பு ஒன்றுதான். சாது ரேசர்தானே என்று அழுத்துவார்கள். அழுத்தினால் காப்பையும் மீறித் தோல் உள்ளே பிதுங்கும். அப்புறம் சாதுவாவது, முரடாவது!

இதை நான் ரத்தம் சிந்திக் கற்றுக்கொண்டேன். எனக்கு இருபத்தொரு வயது. காலையில் இன்டர்வியூ. என்னுடைய பிளாஸ்டிக் ரேசர் உடைந்துவிட, அப்பாவின் பித்தளை ரேசரை எடுத்து அழுத்தி ஓர் இழுப்பு. மோவாயில் கோடு. படிகாரக் கட்டியோடு வந்த அப்பா சொன்னார்: “ஏன்டா மல்லுக்கு நிக்கற? அதோட கனத்துக்கு அதுவே இறங்கும். நீ வெறுமனே பிடிச்சுக்கோ, போதும்.”

ஜில்லெட் கதையில் ஒரு வேடிக்கையான மிச்சம் உண்டு. போட்டி என்பதே மனித குலத்தின் சாபம் என்று நம்பியவர் அவர். 1894-லேயே, பிளேடு யோசனை வருவதற்கு முன்பே, அதை ஒரு புத்தகமாக எழுதியிருந்தார். எல்லாத் தொழில்களும் ஒரே கம்பெனியாகிவிட வேண்டும், கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் நயாகரா அருவியின் மின்சாரத்தில் ஒரே மாநகரில் வாழ வேண்டும் என்பது அவர் கனவு. 1910-ல், தன் ‘உலகக் கம்பெனி’க்குத் தலைவராக வந்தால் 10 லட்சம் டாலர் தருகிறேன் என்று முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். 1929 பங்குச்சந்தைச் சரிவில் சொத்தில் பெரும்பகுதி கரைய, 1932-ல் ஜில்லெட் இறந்துபோனார்.

உலகத்தையே திருத்த ஆசைப்பட்டவர். அது நடக்கவில்லை. கத்தியைத்தான் திருத்த முடிந்தது. நாளைக் காலையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவரை ஒரு விநாடி நினைத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவையும்.

அழுத்தாதீர்கள். அதுவே இறங்கும்.