காத்திருப்பின் வரலாறு: கொச்சி–துபாய் பயணநேரம் குறித்து ஓர் ஆய்வு

கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து துபாய்க்கு நேர்வான் தொலைவு ஏறத்தாழ 2,790 கி.மீ.; பறக்கும் நேரம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று முன்பின். தொலைவை வேகத்தால் வகுத்தால் பயணநேரம் வந்துவிடும் என்றே பொதுவாக எண்ணுகிறோம். மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குகளையும் அரபுக் கரைகளையும் இணைத்த கடல்வழியின் வரலாறு இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. அங்கே நேரத்தைத் தின்றது தொலைவைக் காட்டிலும் காத்திருப்புதான்.

செங்கடல் முகப்பிலுள்ள ஒகேலிசிலிருந்து பழைய சேரத் துறைமுகமான முசிறிக்கு 40 நாள் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். ஆனால் கோடையில் வந்த கப்பல் காற்று திரும்பும் வரை இங்கேயே கிடந்து, டிசம்பர் வாக்கில்தான் புறப்பட முடிந்தது. காத்திருக்க மறுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு வாஸ்கோ ட காமா சான்று. 1498 ஏப்ரல் 24 அன்று ஆப்பிரிக்கக் கரையின் மலிந்தியை விட்டவர் நான்கு வாரத்துக்குள் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். திரும்புகையில் பருவம் பாராமல் அக்டோபர் 5 அன்று கோவாவுக்குத் தெற்கே உள்ள அஞ்சதீவிலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்கக் கரையைக் கண்டது 1499 ஜனவரி 2இல். அதே கடல், மும்மடங்கு நேரம். வழியில் ஸ்கர்வி நோய்க்குப் பலியானவர்கள் பலர்.

விமானம் வந்ததும் காத்திருப்பு தீர்ந்துவிடவில்லை. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது வாரிய மண்ணில் உருவான வில்லிங்டன் தீவில்தான் பழைய விமான நிலையம் இருந்தது. சுற்றிலும் காயல், ஓடுபாதையை நீட்ட இடமில்லை, கடற்படையின் தளம் வேறு. எனவே வளைகுடா செல்வோர் பலர் பம்பாய் போய் விமானம் மாறினர். கொச்சி–பம்பாய் சுமார் 1,070 கி.மீ., பம்பாய்–துபாய் சுமார் 1,930 கி.மீ., மொத்தம் 3,000. நேர்வழியைவிட ஏறக்குறைய 200 கி.மீ.தான் கூடுதல், ஜெட் விமானத்துக்கு அது கால் மணி நேரம். பயணத்தை ஒரு நாளாக்கியது அந்த 200 கி.மீ. அல்ல, பம்பாயில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்த பொழுது. வெளிநாடுவாழ் மலையாளிகளின் முதலீடும் சேர்ந்து எழுந்த நெடும்பாசேரி நிலையம் 1999 மே 25 அன்று திறக்கப்பட்டபோது, அதன் 3,400 மீட்டர் ஓடுபாதை ஒழித்தது இந்தக் காத்திருப்பைத்தான்.

காற்றை மறந்துவிட்டீர்களே என்று கேட்கலாம். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று கொச்சி நோக்கி வரும் விமானத்தைத் தள்ளிவிடுவது உண்மை. தென்மேற்குப் பருவத்தில் கீழே ஒரு திசையும் உயரே எதிர்த்திசையுமாகக் காற்று வீசுகிறது; உயரே கிழக்கிலிருந்து வீசும் அந்த ஜெட் காற்றை 1958இல் விளக்கியவர் வானிலையாளர் பி. கோடீஸ்வரம். ஆயினும் அதன் மையம் பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருப்பதால் அதன் விளிம்பே விமானத்துக்கு எட்டுகிறது. பாய்மரக் கப்பலுக்கு மாதக்கணக்கான வேறுபாடு இங்கே நிமிடக் கணக்கில் சுருங்கிவிடுகிறது.

இன்னொரு மறுப்பு வலுவானது: பாலம் தாண்டினால் வில்லிங்டன் தீவு என்றிருந்த மட்டாஞ்சேரிக்காரருக்கு நெடும்பாசேரி 40 கி.மீ. அப்பால் போய்விட்டதே? போனதுதான். ஆனால் அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. நெரிசலில் ஒன்றரை மணி நேரச் சாலை, பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்லும் வழக்கம். இரண்டையும் கூட்டினால் வானில் கழியும் நான்கு மணி நேரத்தைத் தரையில் கழிவதே மிஞ்சிவிடுகிறது.