மூசி நதியும் மண் கரைகளும்

ஐதராபாத் நகரத்து உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் முதிய புளியமரம் ஒன்று நிற்கிறது. 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், திங்கட்கிழமையன்று, மூசி நதி ஊருக்குள் புகுந்தபோது அம்மரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ 150 பேர் உயிர் தப்பினர் என்பர். அன்று மாண்டவர் தொகை 15,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நதியின் மேலிருந்த பாலங்களுள் மூன்று சிதைந்தன. 1578-இல் குதுப்ஷாகி மன்னர் காலத்தில் கட்டிய புரானாபுல் மட்டும் இரு கரைகளையும் இணைத்து நின்றது.

செகந்திராபாத்திலும் ஐதராபாத்திலும் குடியேறி வாழும் நம்மவர் பலர் அந்நதியை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். பெரும்பாலான மாதங்களில் அதில் ஓடுவது ஒரு சிறு நீரோட்டமே. இந்த ஆறா ஒரு நகரத்தை அழித்தது என்று ஐயுறுவோர்க்கு விடை ஆற்றில் இல்லை. ஆற்றுக்கு மேலே, சிற்றூர்களின் ஏரிக்கரைகளில் இருக்கிறது.

மழை பெரிதாய்ப் பெய்தது உண்மையே. நகருக்குத் தெற்கேயுள்ள ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலம் பதிவாயிற்று. ஆயினும் மழை மட்டும் காரணமன்று. நகருக்கு மேலே மூசியும் அதன் துணையாறான ஈசியும் நீர் திரட்டும் நிலப்பரப்பு 862 சதுர மைல். அதற்குள் 788 ஏரிகள் இருந்தன. சதுர மைலுக்கு ஓர் ஏரி என்றே கொள்ளலாம். அவ்விரு நாட்களில் அவற்றுள் 221 ஏரிகள் உடைந்தன.

இந்த ஏரிகளைத் தெலுங்கர் செருவு என்பர். அமைப்பு நம் ஊர் ஏரியின் அமைப்பே. நாம் தூம்பு என்பதை அவர்கள் தூமு என்கின்றனர்; நம் கலிங்கு அங்கே அலுகு. பள்ளத்தாக்கின் குறுக்கே மண்ணைக் கொட்டி, மிதித்து, நீர்ப்புறத்தில் கல் பாவிய கரை, பாசனத்திற்குத் தூம்பு, மிகுந்த நீர் வழிந்தோட ஓரத்தில் கலிங்கு. இம்மூன்றில் கலிங்கே கரையின் உயிர். மண் கரை தன்னகத்தே எவ்வளவு நீரையும் தாங்கும். தன் தலைமேல் ஓடும் நீரைத் தாங்காது. உச்சியில் எங்கேனும் ஒரு சாண் தாழ்ந்திருந்தால் நீர் அவ்விடத்தைத் தேடி வழியும். வழிந்த நீர் பின்சரிவை அரிக்கும். அரித்த பள்ளம் மேல்நோக்கி நகரும். பிறகு கரை உடைவதற்குச் சில நாழிகைகளே போதும்.

மற்றொரு வழியும் உண்டு, அது ஓசையற்றது. நண்டு வளை, எலி வளை, பட்ட மரத்தின் மக்கிய வேர், தூம்பின் கட்டுமானத்தை ஒட்டி மண் சரிவர இறுகாத இடைவெளி ஆகியவற்றின் வழியே நீர் கசியும். கரையின் அடியில் கசியும் நீர் தெளிவாய் இருந்தால் பெரிதாய் அஞ்ச வேண்டியதில்லை. கலங்கி வந்தால், உள்ளே மண் கரைகிறது என்பது பொருள். ஏரிக் காவல் பார்க்கும் முதியவர் கசிவு நீரைக் கையில் ஏந்திப் பார்ப்பது இதற்காகத்தான். அக்கை பல கருவிகளுக்கு நிகர் என்பது நம் எண்ணம்.

ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாய் அமைந்திருப்பதால் ஒன்றின் மிகுநீர் அடுத்ததற்கு வரவு. நல்ல ஆண்டில் இது பெரும் சிக்கனம். ஆனால் மேலேரி உடைந்தால் கீழேரியின் கலிங்கு என் செய்யும்? அது மழை நீருக்கு அளவிட்டுக் கட்டியது; உடைந்த ஏரியின் முழு நீருக்கன்று. ஏரி நிரம்பியிருக்கும் வேளையில் புது வெள்ளத்தைத் தாங்க அதனுள் இடமும் இல்லை. 1908-இல் நிகழ்ந்தது இதுவே.

அப்போது பம்பாய் மாகாணப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்த விசுவேசுவரய்யாவுக்கு நிஜாம் அரசு அழைப்பு விடுத்தது. 1909-இல் அவர் வந்தார். உடைந்த ஏரிகளைக் கணக்கெடுத்தார். ஆற்றில் வந்த பெருவெள்ளம் நொடிக்கு 4,25,000 கன அடி என மதிப்பிட்டார். அவர் முடிவு எளிதானது: நகருக்கு மேலே பெருந்தேக்கங்கள் கட்டி வெள்ளத்தின் உச்சியை அங்கே நிறுத்தி, ஆறு தாங்கும் அளவுக்கே நீரைக் கீழே விட வேண்டும். மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920-இலும், ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927-இலும் முடிவுற்றன. 1908-ஐப் போன்ற பேரழிவு அதன்பின் நகருக்கு நேரவில்லை.

வெள்ளம் தடுக்கக் கட்டிய அத்தேக்கங்களே நகருக்குக் குடிநீரும் தந்தன. இங்கே ஒரு சங்கடம் உண்டு. குடிநீருக்காயின் தேக்கம் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்திற்காயின் வெற்றிடம் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தேக்கம் செய்யும்போது, மழைக்காலத்தில் மதகை எப்போது திறப்பது என்பதே காவல் முழுதும்.

பெருந்தேக்கங்களுக்குக் காவல் உண்டு. 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றுள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும் ஆய்வுக்கு உள்ளாக்குகிறது. சிற்றூர் ஏரிக்கரை பெரும்பாலும் அந்த அளவுக்கு உயர்வதில்லை. ஆதலால் சட்டத்தின் கண்ணுக்கு அது தென்படுவதுமில்லை. 2020 அக்டோபர் பெருமழையில் ஐதராபாத்தின் தென்புறத்தில் அப்பா செருவும் குர்ரம் செருவும் உடைந்தன. வெள்ளம் வீடுகளுக்குள்ளும் நெடுஞ்சாலை மீதும் பாய்ந்தது. இரு பெருந்தேக்கங்களும் உடையவில்லை. உடைந்தவை சிறியவை; ஒரு காலத்தில் வயலுக்கு நீர் தந்து, பின்னர் வயலும் போய், நீர்கட்டியும் போய், கரை மட்டும் எஞ்சியவை.

நகரின் புறத்தே குடியிருப்போர் தம் தெருவுக்கு மேலே செருவு ஒன்று இருக்குமாயின், ஒரு மாலை வேளையில் அதன் கரைமேல் நடந்து அலுகு எங்கே என்று தேடிப் பார்க்கலாம். சில இடங்களில் அது இருக்கும். சில இடங்களில் அலுகு இருந்து, அதன் கீழே நீர் செல்லும் கால்வாய் இராது. அங்கே ஒரு மதிற்சுவர் நிற்கும்.