பத்தி பாதி, கிராஃப் பாதி

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் பரீட்சை வரலாறு. பயப்படாம படிங்க, மார்க்கெல்லாம் கிடையாது :-)

வாசிப்புத் தேர்வுன்னா நமக்குத் தெரிஞ்சது என்ன? ஒரு பத்தி, கீழே அஞ்சு கேள்வி. கேள்வியில இருக்கற வார்த்தையைப் பத்தியில தேடிப் பிடிச்சு, அந்த வரியை அப்படியே எழுதினா முழு மார்க். கிராஃப்னா அது கணக்கு வாத்தியார் சமாச்சாரம்.

இத்தனைக்கும் கிராஃப் ஒண்ணும் புதுசு இல்லை. வில்லியம் ப்ளேஃபேர்ங்கற ஸ்காட்லாந்துக்காரர், இங்கிலாந்தோட ஏற்றுமதி இறக்குமதியைக் கோடு போட்டுக் காட்டி 1786லயே புத்தகம் வெளியிட்டார். ஆனா கிராஃபைப் படிக்கறதும் வாசிப்புதான்னு பரீட்சைக்காரங்க ஒத்துக்க ரொம்ப நாள் ஆச்சு. 1990-91ல ஐ.இ.ஏ. நடத்தின சர்வதேச வாசிப்பு ஆய்வுல அட்டவணையும் வரைபடமும் வந்துச்சு. 2000ல ஓ.இ.சி.டி. அமைப்பு 15 வயசுப் பிள்ளைகளுக்கு 'பிசா' தேர்வைத் தொடங்கினப்போ, வாசிப்புப் பகுதியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு இந்த மாதிரி கேள்விதான்.

அதுல சாட் ஏரி பத்தின கேள்வி பிரசித்தம். ஆப்பிரிக்காவுல இருக்கற அந்த ஏரியோட ஆழம் காலப்போக்குல எப்படி மாறுச்சுன்னு ஒரு கிராஃப். பக்கத்துல சின்னதா ஒரு பத்தி. கேள்வி இதுதான்: இன்னிக்கு ஆழம் என்ன? இன்னிக்கும் கி.பி. 1000லயும் நீர்மட்டம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு பத்தி சொல்லும், ஆனா அளவைச் சொல்லாது. கிராஃப்ல கி.பி. 1000க்கு நேரா பார்த்தா சுமார் ரெண்டு மீட்டர். ஒண்ணை மட்டும் படிச்சவனுக்கு விடை கிடைக்காது!

அமெரிக்காவோட எஸ்.ஏ.டி. தேர்வு 2016 மார்ச்சுல இன்னொரு படி போச்சு. ஆசிரியர் சொல்ற கருத்தை இந்த கிராஃப் ஆதரிக்குதா இல்லையான்னே கேட்க ஆரம்பிச்சாங்க.

நம்ம கதைக்கு வருவோம். பிசாவோட 2009 சுற்றின் தொடர்ச்சியில தமிழ்நாடும் இமாச்சலும் கலந்துக்கிட்டாங்க. 2011 டிசம்பர்ல முடிவு வந்தப்போ ரெண்டும் பட்டியலோட அடிவாரத்துல. கேள்விகள் நம்ம சூழலுக்குப் பொருந்தலைன்னு சொல்லி, 2012, 2015 சுற்றுகள்ல இந்தியா கலந்துக்கவே இல்லை.

அந்த வாதத்துல கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனா சாட் ஏரியை ஃபின்லாந்துப் பையனும்தான் பார்த்ததில்லை. பரீட்சையை விடுங்க. எழுத்து ஒண்ணு சொல்லும், பக்கத்துல போட்ட படம் வேற சொல்லும். தேர்தல் நேரத்துப் பேப்பரைப் பிரிச்சா இது புரியும். ரெண்டையும் ஒட்டிப் பார்க்கத் தெரியாத பிள்ளையை யார் வேணும்னாலும் ஏமாத்தலாம். என் கவலை ரேங்க் இல்லை, அதுதான்.

நீங்க என்ன நினைக்கறீங்க?