துரத்தி வந்தது யார்?

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் ஏறினால், கொஞ்ச நேரத்திலேயே திருவிடைமருதூர் வந்துவிடும். மகாலிங்கசுவாமி கோயிலுக்குள் நுழையும்போதே யாராவது ஒருவர் உங்களிடம் சொல்வார் - ‘‘கிழக்கு வாசல் வழியா உள்ளே போனீங்கன்னா, அதே வழியா திரும்பி வராதீங்க!’’

ஏன்? அந்த வாசலில் ஒன்று காத்துக்கொண்டிருக்கிறது!

வரகுண பாண்டியன் கதை அது. குதிரையில் வந்துகொண்டிருந்தான் மன்னன். வழியில் படுத்திருந்த ஓர் அந்தணர் குதிரையின் குளம்பில் மிதிபட்டு இறந்துபோனார். மன்னன் வேண்டுமென்று செய்யவில்லை. நடந்ததே அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் பிரம்மஹத்தி அவனைப் பிடித்துக்கொண்டது. போகிற இடமெல்லாம் நிழல் மாதிரி பின்னாலேயே வந்தது. தானம் செய்தான், தர்மம் செய்தான்... ம்ஹூம், போகவில்லை! கடைசியில் மதுரை சொக்கநாதரிடம் முறையிட, ‘திருவிடைமருதூருக்குப் போ’ என்று அருள் கிடைத்தது. படையெடுத்து வந்த சோழனை விரட்டிக்கொண்டே இந்த ஊருக்கு வந்த பாண்டியன், கிழக்கு வாசல் வழியாக உள்ளே நுழைந்தான். துரத்தி வந்தது உள்ளே வர முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. தரிசனம் முடித்த மன்னன் வேறு வாசல் வழியாக வெளியேறிவிட்டான். ‘ராஜா இப்ப வருவார்’ என்று அது இன்னமும் காத்திருக்கிறதாம். கிழக்கு வாசலில் அதற்கு ஒரு சிலையே உண்டு.

மனசு சரியில்லாதவர்களை இந்தக் கோயிலுக்குக் கூட்டி வருவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. எல்லோர் குடும்பமும் சொல்கிற ஒரே வாக்கியம் - ‘‘ஏதோ ஒண்ணு பிடிச்சு ஆட்டுது சாமி!’’

அந்த ‘ஏதோ ஒண்ணு’ எது? நம் கேள்வி அதுதான்.

ஒரு கற்பனை. அந்தக் கிழக்கு வாசலில் மூன்று பேர் நிற்கிறார்கள். முதல் ஆள் லாரி டிரைவர். அவர் ஓட்டிய வண்டியில் அடிபட்டு ஒருவர் இறந்து மூன்று மாதமாகிறது. கண்ணை மூடினால் அந்தச் சத்தம், அந்தக் காட்சி. ஹாரன் கேட்டாலே உடம்பு தூக்கிப் போடுகிறது. இரண்டாவது ஆள் இருபது வயது கல்லூரி மாணவன். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால், யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்கிறான். ஆளே இல்லாத அறையில் தன்னைப் பற்றிப் பேசும் குரல்கள் கேட்கின்றன. மூன்றாவது ஆள் ஒரு குடும்பத்தலைவி. ‘கேஸை மூடினேனா... மூடலையா?’ என்று இருபது தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிறார். அது அர்த்தமில்லாதது என்று அவருக்கே தெரியும். ஆனால், நிறுத்த முடியவில்லை.

மூன்று பேருமே ‘என்னை ஏதோ துரத்துது’ என்றுதான் சொல்வார்கள். ஊர் மூன்று பேருக்கும் ஒரே பெயர்தான் வைக்கும். டாக்டரோ மூன்று வெவ்வேறு நோய் என்பார். முதலாவது, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் பாதிப்பு. இரண்டாவது, மனச்சிதைவு என்கிற ஸ்கிசோஃப்ரினியாவாக இருக்கலாம். மூன்றாவது, ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய். மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு!

‘இப்படிப் பிரிச்சுப் பார்க்கறதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது’ என்று நினைத்துவிடாதீர்கள். ‘உன்மாதம்’ என்ற தலைப்பில் மனநோயை ஐந்து வகையாகப் பிரித்துப் பேசுகிறது சரக சம்ஹிதை. வாதத்தால், பித்தத்தால், கபத்தால், மூன்றும் சேர்ந்து, கடைசியாக வெளியிலிருந்து வந்து பற்றுவது. நம் சித்த மருத்துவத்தில் அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் இன்னும் ஒருபடி மேலே போய் 18 வகை சொல்கிறது. வைத்தியர்கள் பிரித்துத்தான் பார்த்தார்கள். ‘பைத்தியம்’ என்று ஒரே சொல்லில் மூட்டை கட்டியது நாம்தான்!

இதே தஞ்சாவூரில் 1798-லிருந்து 1832 வரை அரசராக இருந்தவர் இரண்டாம் சரபோஜி. மருத்துவத்தில் பெரிய ஈடுபாடு அவருக்கு. தன்வந்திரி மஹால் என்று ஒன்றை வைத்து நடத்தினார். அவர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்பேடுகள் சரஸ்வதி மஹால் நூலகத்தில் கிடைத்திருக்கின்றன. நோயாளிக்கு என்ன தொந்தரவு, என்ன சிகிச்சை என்ற விவரங்களோடு, பாதிக்கப்பட்ட கண்ணை வண்ணப்படமாக வரைந்தே வைத்திருக்கிறார்கள். இன்றைய கேஸ் ஷீட்டுக்குக் கொஞ்சமும் குறைவில்லை!

கண்ணைப் படம் வரையலாம். மனசை எப்படி வரைவது?

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் எமில் கிரேப்பலின் என்ற ஜெர்மன் டாக்டர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டார். என்ன அறிகுறி என்று எழுதியதோடு நிற்கவில்லை. அந்த ஆள் பிறகு என்ன ஆனார், குணமானாரா, திரும்ப வந்ததா என்று வருஷக்கணக்கில் தொடர்ந்து குறித்துக்கொண்டே வந்தார். அட்டைகளைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று புரிந்தது. சிலருக்கு நோய் வந்து, அடங்கி, நல்லபடியாக இருந்து, மறுபடி வருகிறது. வேறு சிலருக்கு நாளாக நாளாக மோசமாகிக்கொண்டே போகிறது. 1899-ல் வெளிவந்த தன் பாடநூலின் ஆறாம் பதிப்பில் இரண்டையும் தனித்தனி நோயாகப் பிரித்தார். முதலாவதிலிருந்து வந்ததுதான் இன்றைய பைபோலார். இரண்டாவதுதான் பின்னால் ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் மாறியது. பிரிவினை அவர் நினைத்த அளவுக்குச் சுத்தமானதில்லை. மனச்சிதைவு வந்தவர்களிலும் பலர் நன்றாகத் தேறுகிறார்கள் என்று இப்போது தெரியும். ஆனால், அவர் காட்டிய வழி நிலைத்துவிட்டது. இந்த நிமிஷம் ஆள் எப்படி இருக்கிறார் என்பதை மட்டும் பார்க்காதே... எத்தனை நாளாக, எப்படி வந்தது, எப்படிப் போனது என்று பார்!

வீட்டிலிருக்கும் நமக்கும் அதே அளவுகோல் உதவும்.

அறுவடை முடிந்து கடன் கழுத்தை நெரிக்க, ஒரு விவசாயி திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். கவலைதான், நாலு நாளில் சரியாகும். ஆனால், இரண்டு வாரத்துக்கு மேல் அனேகமாகத் தினமும் அதே மாதிரி என்றால்? சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, பேரக்குழந்தை மடியில் ஏறினால்கூட சந்தோஷம் இல்லை, ‘நான் எதுக்கு இருக்கேன்’ என்ற பேச்சு... இது சோம்பலும் இல்லை, ராங்கியும் இல்லை. டிப்ரஷன் என்கிற மனச்சோர்வு நோய்.

அதே ஆள் ஆறு மாதம் கழித்து வேறு அவதாரம் எடுக்கிறார். தூக்கமே வேண்டியதில்லை. வாய் ஓயாத பேச்சு. கடன் வாங்கி மூன்று டிராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார். ‘அப்பாடா, பழைய உற்சாகம் வந்துடுச்சு’ என்று வீடு சந்தோஷப்படுகிறது. ஒரு வாரம் இப்படியே போனால் அது உற்சாகம் இல்லை. பைபோலாரின் மறுமுனை! இங்கேதான் பிரித்தறிவது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். பைபோலார்காரருக்கு வெறும் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், அது அவரை அந்த மறுமுனைக்கே தூக்கியடித்துவிடலாம். அதனால்தான் நல்ல டாக்டர் முதலில் மாத்திரை எழுதாமல், ‘‘இதுக்கு முன்னாடி எப்பவாவது...?’’ என்று பழங்கதை கேட்கிறார்.

திடீரென்று நெஞ்சு படபடக்க, வியர்த்துக் கொட்டி, ‘செத்துடப் போறேன்’ என்று அலறுகிறவருக்கு முதலில் இதயத்தைத்தான் சோதிக்க வேண்டும். இதயத்தில் ஒன்றும் இல்லை, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே அடங்குகிறது, மறுபடி மறுபடி வருகிறது என்றால் பேனிக் எனும் பீதி நோயாக இருக்கலாம்.

இன்னும் இரண்டு பேருக்கு அவசரம். நேற்றுவரை தெளிவாக இருந்த தாத்தா இன்று திடீரென்று ஊர், பெயர் தெரியாமல் உளறினால், அனேகமாக அது மனநோயே இல்லை. காய்ச்சலோ, சிறுநீர்த் தொற்றோ, ரத்தத்தில் உப்பு குறைந்ததோ காரணமாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். தினமும் குடித்தவர் நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்றாலும் அப்படியே. பிள்ளை பெற்று சில நாட்களே ஆனவள் தூக்கமின்றிப் பிதற்றினால் ‘பேய் பிடிச்சிருக்கு’ என்று வேப்பிலை தேடாதீர்கள். தாயும் சிசுவும் இரண்டு பேருமே ஆபத்தில் இருக்கிறார்கள்.

எல்லாத் துக்கமும் நோயும் இல்லை. 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். அந்தப் பெற்றோர்களின் கண்ணீருக்கு எந்த மருத்துவப் பெயரும் தேவையில்லை. அலை அலையாக வந்து மோதுகிற அந்தத் துயரத்தின் நடுவே, மிச்சமிருக்கும் பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடிகிறதா என்று பாருங்கள். மாதங்கள் போயும் அதுவும் முடியவில்லை, தன்னையே வெறுத்து வாழ்க்கை வேண்டாம் என்கிறார் என்றால் அப்போது உதவி தேவை.

சரி, கோயில்?

திருச்சிக்குப் பக்கத்தில் காவிரியின் வடகரையில் இருக்கிறது குணசீலம். பிரசன்ன வேங்கடாசலபதி கோயில். மனநலம் குன்றியவர்கள் இங்கே 48 நாள் தங்குவதும், பூஜை முடிந்து அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிப்பதும் வழக்கம். ‘போனாங்க, குணமாச்சு’ என்று சத்தியம் செய்கிறவர்கள் டெல்டா முழுக்க உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை!

2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசாமி கோயில். அங்கே தங்கியிருந்த 31 பேரை பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் சோதித்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. மருந்தே கிடையாது. தங்கிய காலம் சராசரியாக ஆறு வாரம். போகும்போது நோயின் அளவு ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்தது! அடிக்காத, விரட்டாத, ஒரு வேலை கொடுத்து மனிதராக மதிக்கிற இடம், கூடவே சொந்தபந்தம்... இது ஒரு பாதி. மற்ற பாதி, கிரேப்பலின் அட்டையில் இருக்கிறது. சில நோய்களுக்கு வந்து போகிற இயல்பு உண்டு. பைபோலாரின் ஒரு வேகம் சில வாரங்களில், சில மாதங்களில் தானாகவே தணியலாம். 48 நாளில் தணிந்தால் சாமி குணமாக்கியது என்போம். அடுத்த வருஷம் மறுபடி வந்தால் ‘வேண்டுதல் பாக்கி’ என்போம். மீண்டும் வராமல் தடுக்கும் லித்தியம் 1949-லிருந்தும், மனச்சிதைவின் குரல்களை அடக்கும் முதல் மாத்திரை 1952-லிருந்தும் மருத்துவத்துக்குத் தெரியும். மிச்ச 80 சதவிகிதத்துக்கு அதுதானே வழி?

கோயிலா, ஆஸ்பத்திரியா என்பதில்லை சண்டை. 1957-லிருந்து வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பமும் தங்குகிறது. மருந்தும் உண்டு, சொந்தமும் உண்டு. இரண்டுமே இல்லாத இடம் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் பார்த்தோம். கொட்டகையில் தீ. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் யாருக்கு என்ன நோய், யாருக்கு மாத்திரையிலேயே சரியாகியிருக்கும் என்று பிரித்துப் பார்க்க இனி யாராலும் முடியாது. சங்கிலிக்கு எல்லோரும் ஒன்றுதான். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்று 2017-ம் வருட மனநலச் சட்டம் இன்று தெளிவாகத் தடை போட்டிருக்கிறது.

2016-ல் மழையும் பொய்த்து, காவிரியும் கைவிட்டு டெல்டா காய்ந்தபோது, எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் ஆண்கள் பேச்சற்று உட்கார்ந்திருந்தார்கள். சிலர் எழுந்திருக்கவே இல்லை. வானம் பொய்த்ததற்கு மாத்திரை கிடையாதுதான். ஆனால், அந்த மௌனம் கவலையா, நோயா என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கலாம். ‘‘செத்துடலாம்னு தோணுதா?’’ என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தப்பு. கேட்டால் பாரம்தான் இறங்கும். ‘தோணுது’ என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், பூச்சி மருந்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இரவு பகலாக இலவசமாகப் பேசுகிறது.

வரகுண பாண்டியன் கதையை மறுபடி யோசித்துப் பாருங்கள். பேரரசன், பெரும்படை வைத்திருந்தவன், நிழலாகத் துரத்திய ஒன்றைத் தனியாக ஜெயிக்க முடியவில்லை. ‘இன்ன ஊருக்குப் போ’ என்று ஒரு குரல் வழி சொன்னது. அவன் போனான், தப்பித்தான். உங்கள் தெருத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வழியை யார் சொல்லப் போகிறார்கள்?