பஞ்சத்திலும் பிளேக்கிலும் சாவித்திரிபாய் புலே ஆற்றிய தொண்டு

நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குச் சமுதாயத் தொண்டு பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கழகத்தார் பணித்தபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நான் தயங்கவில்லை. பெண்களுக்குப் பள்ளி திறந்த முன்னோடி என்று சாவித்திரிபாய் புலே அம்மையாரை நம் மாணவர்கள் அறிவார்கள். அவர்மீது சாணமும் கல்லும் எறிந்தார்கள் என்பதும் மேடைகளில் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஆயினும் 1877-ஆம் ஆண்டின் பஞ்சத்திலும் 1897-ஆம் ஆண்டின் பிளேக்கிலும் அவர் செய்தது என்ன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பள்ளிக்கூடத்தைவிட அப்பணி குறைந்ததன்று என்பது என் கருத்து.

சாவித்திரிபாய் 1831-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள், இன்றைய மகாராட்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்து நாய்காவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒன்பது வயதில் ஜோதிராவ் புலேயை மணந்தார். கணவரிடமே எழுத்துக் கற்று, 1848-இல் புனே நகரின் பிடே வாடாவில் தொடங்கிய பெண்கள் பள்ளியில் ஆசிரியை ஆனார். அடுத்த சில ஆண்டுகளில் மகார், மாங்கு முதலிய தீண்டப்படாதோர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் அத்தம்பதியர் பள்ளிகள் நடத்தினர். அப்பள்ளியில் பயின்ற முக்தா என்ற மாங்கு இனச் சிறுமி, தன் மக்களின் துயரைப் பற்றி எழுதிய கட்டுரை 1855-இல் ‘ஞானோதயா’ இதழில் வெளிவந்தது. பதினான்கு வயதுப் பெண் எழுதியது அது. தலைமையாசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பள்ளியின் தரத்துக்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியவில்லை.

1863-இல், கைவிடப்பட்ட விதவைகள் மறைவாகப் பிள்ளை பெற்றுச் செல்லவும் அக்குழந்தைகள் கொல்லப்படாமல் வளரவும் தம் இல்லத்திலேயே ஒரு காப்பகம் அமைத்தனர். 1868-இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட்டனர். 1873 செப்டம்பர் 24-ஆம் நாள் சத்தியசோதக் சமாஜம் தோன்றியது. பஞ்சம் வந்தபோது அம்மையார் வெறுங்கையோடு நிற்கவில்லை. அவர் பின்னே இருபத்தைந்து ஆண்டுக் காலப் பழக்கமும் ஓர் அமைப்பும் இருந்தன என்பதைக் காட்டவே இவற்றை வரிசைப்படுத்தினேன்.

1876-இல் பருவமழை பொய்த்தது. தக்காண பீடபூமி முழுவதும் வறண்டது. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லி நடுங்கியதும் இதே பஞ்சந்தான். அரசு நிவாரணம் அளிக்கவே செய்தது. ஆனால் எப்படி அளித்தது? கடும் உழைப்புக்குக் கூலியாக அளித்தது. பஞ்சப் பணிகளை மேற்பார்வையிட வந்த ரிச்சர்டு டெம்பிள் அக்கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என்று குறைத்தார். மண் சுமக்கும் மனிதன் அதைக்கொண்டு உயிர்வாழ இயலாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அந்தப் பட்டினிக் கூலிகள் வெட்டியது. அதன் பெயரோ அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுடையது!

இந்தக் காலத்தில் அம்மையார் ஜுன்னார் வட்டத்து ஓத்தூரில் இருந்தார். அங்கிருந்து 1877 ஏப்ரல் 20-ஆம் நாள் கணவருக்கு அவர் எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. தீவனமும் நீருமின்றிக் கால்நடைகள் விழுந்து மடிவதையும், மக்கள் ஊரைவிட்டு வெளியேறுவதையும், அந்த நிலையிலும் வட்டிக்கடைக்காரர் ஏழைகளைச் சுரண்டுவதையும் அதில் விவரிக்கிறார். ஆத்திரமுற்ற மக்கள் கலகத்தில் இறங்க, சமாஜத்தின் தொண்டர்கள் சுமார் ஐம்பது பேர் கைது செய்யப்பட்டனர். அம்மையாரை மாவட்ட ஆட்சியர் அழைத்துப் பேசினார். நல்ல தொண்டர்கள்மீது ஏன் பொய்க்குற்றம் சுமத்தினீர்கள் என்று அவர் நேருக்கு நேர் கேட்டார். ஆட்சியர் தொண்டர்களை விடுவித்ததோடு நான்கு வண்டிச் சோளமும் அனுப்பி வைத்தார்.

இந்நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. கஞ்சி ஊற்றுவது தொண்டு என்பதை எல்லாரும் ஒப்புவர். ஊர் பசித்திருக்கையில் வட்டிக்கடைக்காரனைக் குறித்துப் பேசுவதும், சிறைப்பட்டவனுக்காக அதிகாரியின் முன் நிற்பதும் தொண்டுதான் என்று ஒப்புவோர் சிலரே. அன்னதானம் செய்பவன் தன் புண்ணியக் கணக்கைப் பார்க்கிறான். அம்மையார் பார்த்ததோ, பஞ்சத்திலும் யார் கொழுக்கிறார்கள் என்பதை. அடுத்த மாதம் சமாஜத்தின் பெயரால் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கப்பட்டது. பசித்த பிள்ளைகளுக்கென்று விக்டோரியா பாலாசிரமம் நடந்தது.

1890 நவம்பரில் ஜோதிராவ் மறைந்தார். இறுதிச் சடங்கில் ஆண்மகனே ஏந்தவேண்டிய மண்சட்டியை அம்மையார் தாமே ஏந்தி முன்நடந்தார் என்பது வரலாறு. அதன்பின் சமாஜத்தை வழிநடத்தி, 1893-இல் சாஸ்வட் மாநாட்டுக்குத் தலைமையும் தாங்கினார்.

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் தோன்றியது. சில மாதங்களில் புனேயைப் பற்றிக்கொண்டது. அக்காலத்து மருத்துவ நிலையை வாசகர்கள் மறத்தலாகாது. நோய்க்கிருமி 1894-இல் கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் எலியுண்ணி வழியாகப் பரவுகிறது என்று சீமோன் காட்டியது 1898-இல். ஹாஃப்கின் தம் தடுப்பூசியை 1897 சனவரியில்தான் தம் உடலிலேயே போட்டுச் சோதித்தார். நோய் வந்துவிட்டவனைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை. காற்றோட்டமான இடம், தண்ணீர், அருகில் ஒரு மனிதர், இவ்வளவே ஒரு மருத்துவமனை தரக்கூடியது. அதையும் தீண்டப்படாதவனுக்கு யார் தருவார்?

ஜோதிராவும் சாவித்திரிபாயும் 1874-இல் மகனாகத் தத்தெடுத்தது, அந்தக் காப்பகத்தில் ஒரு பிராமண விதவைக்குப் பிறந்த குழந்தையை. அக்குழந்தை யஷ்வந்த் வளர்ந்து மருத்துவரானார். தாயும் மகனும் புனேக்கு வெளியே ஹடப்சர் பக்கம் சாசனே தோட்டத்தில் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை அமைத்தனர். முண்டுவா ஊருக்கு வெளியேயிருந்த மகார் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயுற்றுக் கிடக்கிறான் என்று அறிந்து, அறுபத்தாறு வயதான அம்மையார் அங்கே சென்று, அவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். நோய் அவரையும் பற்றியது. 1897 மார்ச்சு 10-ஆம் நாள் உயிர் நீத்தார்.

இங்கே காலவரிசையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. ராண்டு என்ற அதிகாரியின் தலைமையில் படைவீரர் வீடு வீடாகப் புகுந்து சோதனையிடத் தொடங்கியது மார்ச்சு நடுவில், அம்மையார் இறந்த சில நாள்களுக்குப் பின். அச்சத்தால் மக்கள் நோயாளிகளை மறைத்தனர். வெறுப்பு முற்றி சூன் 22-ஆம் நாள் ராண்டு சுடப்பட்டார். நம் பாடநூல்களில் பிளேக் என்றால் இந்தத் துப்பாக்கிச் சூடுதான் இடம்பெறும். சேரிக்குள் சென்ற கிழவி இடம்பெறுவது அரிது. படைவீரனைக் கண்டு பிள்ளையை மறைத்த அதே காலத்தில், அம்மையாரிடம் பிள்ளையைக் கொடுத்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர், தம் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டவர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்றே நான் கருதுகிறேன்.

அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டந்தான் 2020 மார்ச்சில் கொரோனாவின்போது மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தன. அவ்விடைக்காலத்தில் நம் கழக விடுதியில் பயின்று முன்னேறிய இளைஞர்கள் அரிசி மூட்டைகளோடு தெருத்தெருவாகச் சென்றதை இம்மலரில் வேறொருவர் எழுதுவார். நான் என்னைப் பற்றிச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. என் பள்ளியின் ஆறு பிள்ளைகள் பெற்றோரோடு செங்கற்சூளைக்குச் சென்றுவிட்டார்கள் என்று கேள்வியுற்று, பாட்டன் பாட்டியரைக் கண்டு பேசக் குடியிருப்புக்குச் சென்றேன். திண்ணையில் இருந்த ஒரு மூதாட்டி, “வாங்க சார். இதுக்கு முந்தி ஒருதரமாச்சும் எங்க தெருவுக்கு வந்திருக்கீங்களா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். அப்பள்ளியில் அது எனக்கு நான்காம் ஆண்டு. நான் இல்லையென்றுதான் சொல்ல நேர்ந்தது.

ஆறு பேரில் நால்வர் திரும்பி வந்தனர். மற்ற இருவரின் பெயர்களை, நெடுநாள் வருகையின்மை என்று குறித்து, வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்கிக் கையொப்பமிட்டவன் நான்.